பிணைக் கையெழுத்தும் பத்தொன்பது கிலோமீட்டரும்

1

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப்போகிறேன். எனக்கு அறுபத்தாறு வயது. நோர்வேயின் வடக்கே, கடலை ஒட்டிய ஒரு சிறிய ஊரில் மகனோடு இருக்கிறேன். வன்னியை விட்டு வெளிக்கிட்டு இந்தக் கிழமையோடு மூன்று வருடம் முடிகிறது. இரண்டும் ஒரே கிழமையில் வந்தது தற்செயல்தான். ஆனாலும் ஓட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வெளிக்கிட்ட கதையை எழுதாமல் விட முடியவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்துக் கிழித்துப் போட்டேன்.

மகனுக்கு மீன் ஆலையில் வேலை. மருமகள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் தங்களுக்குள் நோர்வே மொழியில்தான் சண்டை பிடிக்கிறார்கள். என்னிடம் வரும்போது மட்டும் தமிழுக்கு மாறுகிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவதுபோல. சண்டை தமிழில் நடக்காத வீட்டில் தமிழ் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று நான் யோசிப்பதுண்டு. பகல் முழுவதும் நான் தனியே இருப்பேன். போன வருடம் சீனி கூடிவிட்டது என்று டொக்டர் சொன்னார். மருந்தோடு நடையும் வேண்டுமாம்.

அடுத்த வீட்டில் இங்கர் என்றொரு அம்மா இருக்கிறார். தபால் கொண்டு திரிந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட நான்கு வயது இளையவர். ஊரில் தினமும் மூன்று மைல் நடப்பேன் என்று எனக்குத் தெரிந்த மொழியில் ஒருநாள் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். நோர்வேக்காரரின் மைல் பத்துக் கிலோமீட்டர் என்பது எனக்குத் தெரியாது. அவர் என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். பிறகு விளங்கியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் அடுத்த நாள் கதவைத் தட்டி, சரி, உன்னுடைய சின்ன மைலிலிருந்தே தொடங்குவோம் என்றார்.

சித்திரை மாதத்தில் தொடங்கினோம். வீதியோரத்தில் இன்னும் பனி கிடந்தது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அப்படியே இருபது நிமிடம். வீட்டுக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றவே கால் மணித்தியாலம் எடுத்தது. இங்கர் ஒரு தாளில் அட்டவணை போட்டுத் தந்தார். அது இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. கிழமையில் இரண்டு நாள் சின்ன ஓட்டம். ஞாயிறு மட்டும் நெடிய ஓட்டம். அந்த நெடிய ஓட்டத்தில் கிழமைக்கு ஒரு கிலோமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை, அதற்கு மேல் கூட்டக்கூடாது. நாலாவது கிழமை குறைக்க வேண்டும், உடம்பு களைக்காவிட்டாலும். இதையெல்லாம் விடப் பெரிய விதி ஒன்று இருந்தது. ஓடும்போது கதைக்க முடியவேண்டும். ஒரு முழு வசனத்தை மூச்சு அறாமல் சொல்ல முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

இதை அவர் சொன்னபோது நான் ஓடுவதை நிறுத்திவிட்டு வீதியில் நின்றுவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கால் பிடித்துக்கொண்டதா என்று கேட்டார். ஓம் என்றேன். உண்மை அதுவல்ல. இதே விதியை நான் முன்பு ஒருமுறை, சொல் மாறாமல், முள்ளியவளையில் கேட்டிருக்கிறேன்.

2

அதைச் சொன்னவன் மரியதாஸ். முல்லைத்தீவுக் கரையில் கடல் தொழில் செய்த குடும்பம். தொண்ணூறில் சண்டையால் கரையில் இருக்க முடியாமல் சனம் உள்ளே பெயர்ந்தபோது மனைவி, மூன்று பிள்ளைகளோடு முள்ளியவளைக்கு வந்தான். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து, காணி வாங்கி, வீடு கட்டி, அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டவன். வளவின் பின்பக்கத்தில் ஒரு கொட்டில் போட அவனுக்கு இடம் கொடுத்தேன். கொடுத்தேன் என்று எழுதும்போதே கூசுகிறது. வெறுமனே கிடந்த மூலை அது.

கடலுக்குப் போக முடியாத காலத்தில் அவன் நந்திக்கடல் என்ற உப்பேரியில் வலை வீசினான். அதிகாலையில் பிடித்த மீனை வெயில் ஏறுவதற்கு முன் முள்ளியவளைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். ஐஸ் இல்லை. மண்ணெண்ணெயே கண்ணில் காணாத காலம், வாகனத்துக்கு எங்கே போவது? சைக்கிள் இருந்தது, ஆனால் ரயர் இல்லை. கிழிந்த ரயரைக் கயிற்றால் சுற்றிக் கட்டி ஓட்டிப் பார்த்தான். கயிறும் அறுந்தது. கடைசியில் தோளில் ஒரு தடியை வைத்து, இரண்டு பக்கமும் கூடையைக் கட்டி, வெறுங்காலோடு ஓடினான். நாலு மைலுக்குக் குறையாது.

எப்படி முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் கிழமை பாதி வழியிலை குந்திட்டன் மாஸ்டர். மீன் நாறிப் போச்சு, மனிசி பேசினா. அடுத்த கிழமை ஒரு மரம் தள்ளிப் போய்க் குந்தினன். கிழமைக்கு ஒரு மரம். அவ்வளவுதான்."

"மூச்சு வாங்காதோ?"

"சின்ன அடியா வைக்கவேணும். ஓடேக்கை ஆரும் எதிரிலை வந்தா நிக்காமல் ரெண்டு கதை கதைச்சுப்போட்டுப் போக ஏலவேணும். கதைக்க ஏலாட்டி கால் கூடப் போகுது எண்டு அர்த்தம்."

உண்மையாகவே அவன் அப்படித்தான் ஓடுவான். தெருவில் என்னைக் கண்டால், கூடை ஆட ஆட, நிற்காமலே, மாஸ்டர் இண்டைக்குத் திரளி இருக்கு, அம்மாவின்ரை திவசம் எண்டபடியால் நீங்கள் சாப்பிடமாட்டியள் என்று சொல்லிக்கொண்டே போய்விடுவான். என் வீட்டு நாட்காட்டி என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

எட்டு வருடம் அப்படி இருந்தோம். அதற்கிடையில் என் மனைவி காய்ச்சலில் இறந்தாள். செத்த வீட்டுப் பந்தலைப் போட்டவனும் அவன்தான்.

3

அந்த நாட்களில் வன்னியிலிருந்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போவதென்றால் வன்னியை வைத்திருந்த இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் கொடுக்கும் கந்தோரில் காரணம் சொல்லவேண்டும். அதைவிட முக்கியமாக ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் குறித்த நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். போனவர் வரும்வரை பிணை நின்றவருக்கு வெளியே போகப் பாஸ் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. பிணை நிற்கச் சொல்லிக் கேட்கப்போகிறோம் என்று மணம் பிடித்தாலே சொந்தக்காரர் கோயிலுக்குப் போய்விடுவார்கள்.

மகன் எனக்கு விசாவுக்கு எழுதியிருந்தான், கொழும்பில் நேர்முகத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். நிரந்தரமாகப் போகிறேன் என்று சொன்னால் காணி, வீடு என்று விசாரணை மாதக்கணக்கில் இழுபடும். நாள் தவறிவிடும். ஆகவே கண் ஒப்பரேஷன் என்று எழுதினேன். ஒரு மாதத்துக்குக் கேட்டேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

என் மைத்துனர் இரண்டு பேர் அதே ஊரில் இருந்தார்கள். அவர்களிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் விசாரிப்பார்கள். மகன் என்ன எழுதினான், எப்போது திரும்புவாய், வீட்டைப் பூட்டித் திறப்பை யாரிடம் கொடுப்பாய் என்று நூறு கேள்வி வரும். மரியதாஸ் கேட்கமாட்டான். என் காணியில் இருப்பவன். என்னிடம் கேள்வி கேட்கும் இடத்தில் அவன் தன்னை வைத்துக்கொண்டதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவனிடம் போனேன். இத்தனை நாளாக நான் எவருக்கும் சொல்லாதது இதுதான்.

கந்தோரில் மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞன் இருந்தான். படிவத்தைப் பார்த்துவிட்டு மரியதாஸிடம், மாஸ்டர் திரும்பி வருவாரோ என்று கேட்டான்.

"வராமல் எங்கை போறது? அவரின்ரை வீடு இஞ்சை, புத்தகம் இஞ்சை. வராட்டி என்னைப் பிடிச்சு வைச்சிருங்கோ தம்பி. மீன் காவிற வேலை மிச்சம்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மரியதாஸ் பேனையை வாங்கி, சட்டையில் கையைத் துடைத்துவிட்டு, பெயரை முழுதாக எழுதினான்.

ஒரு மாதம் கழித்து நான் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தேன். மூன்றாம் மாதம் நோர்வேக்கு வந்துவிட்டேன். அவனுக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் அவனுக்கு ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வருடம் அந்தப் பொய்யோடு சுகமாக நித்திரை கொண்டேன்.

4

நெடிய ஓட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஐந்து கிலோமீட்டர் வரையில் மனம் உடம்பைப் பற்றியே முறைப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும். முழங்கால், சப்பாத்து, மூக்கில் ஒழுகும் தண்ணீர். எட்டுக்கு மேலே போனால் முறைப்பாடு அடங்கிவிடும். அதன் பிறகு வருவதைத் தடுக்க முடியாது. கதவும் இல்லை, வானொலியும் இல்லை. வலது பக்கம் கடல், இடது பக்கம் பாறை, நடுவே நான். இங்கர் சில நாள் வருவார், சில நாள் வரமாட்டார். வந்தாலும் அவரோடு நான் கதைக்கக்கூடிய வசனங்கள் ஏழெட்டு. மழை வருகிறது. மழை வரவில்லை. கால் நலம். அவை இரண்டாவது கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும்.

ஆனால் கதைக்க முடியவேண்டும் என்பது விதி. ஆகவே நான் தமிழில் கதைக்கத் தொடங்கினேன். மூச்சுச் சோதனைக்காகத்தான். முதலில் திருக்கேதீச்சரம், மாங்குளம், மல்லாவி என்று படிப்பித்த ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு ஓடினேன். ஒரு ஞாயிறு, ஒன்பதாவது கிலோமீட்டரில், மரியதாஸ், எனக்குக் கண் ஒப்பரேஷன் இல்லை என்று வாய் சொல்லிவிட்டது. மூச்சு அறவில்லை. முழு வசனம்.

அன்று பின்னேரம் மகனிடம் கேட்டேன். எனக்குப் பிணை நின்றவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று உனக்கு ஏதும் தெரியுமா? அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாரும் அப்பிடித்தானே அப்பா வந்தவை. நீங்கள் மட்டுமே?"

"நான் எல்லாரையும் பற்றிக் கேக்கேல்லை."

"மூண்டு வருஷத்துக்குப் பிறகு இதைக் கிண்டி என்ன காணப்போறியள்? ஓட்டத்தை விடுங்கோ. உங்களுக்கு அதுதான் தலைக்கு ஏறிட்டுது."

அவன் கெட்டவன் அல்ல. என்னை இங்கே எடுப்பதற்கு அவன் இரண்டு வருடம் இரவும் பகலும் மீன் வெட்டியிருக்கிறான். அந்த வருகையில் ஒரு பிழை இருந்ததென்று ஒத்துக்கொள்வது அவனுக்கும் கஷ்டம். ஆனால் ஓட்டத்தைப் பற்றி அவன் சொன்னது சரி. ஓடாமல் இருந்திருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன்.

5

வைகாசி முடிவில், இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கரைப் பார்க்க வந்த ஒரு சுவாமியார் வன்னிக்குத் திரும்பிப் போகிறவராக இருந்தார். அவர் கையில் மரியதாஸுக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். நாலு பக்கம். நான் செய்த துரோகம், என் மனச்சாட்சி, நித்திரையில்லாத இரவுகள் என்று எல்லாம் எழுதியிருந்தேன். நித்திரை கொண்ட மூன்று வருடத்தை எழுதவில்லை. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நல்ல கடிதம் என்று நினைத்தேன்.

ஆடியில் பதில் வந்தது. கொப்பித்தாள் ஒன்று, இரண்டு பக்கமும். எழுத்தைப் பார்த்ததும் பேனை பிடித்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. உறையைப் பிரித்தேன்.

"மாஸ்டர், கண் ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சுதோ? மூண்டு வருஷம் எடுத்திருக்கு எண்டால் பெரிய ஒப்பரேஷன்தான்."

அப்படித்தான் தொடங்கியிருந்தான். அடுத்து நடந்ததை வரிசையாக எழுதியிருந்தான். நான் திரும்பாத மாதத்தில் அவனைக் கூப்பிட்டுப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். மண் வெட்டும் வேலை கொடுத்தார்கள். அடிக்கவில்லை. மாஸ்டர் எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்று அவன் சொன்னதை எவரும் நம்பவில்லை. எட்டு வருடம் ஒரு வளவில் இருந்தவனுக்குத் தெரியாமலா என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு விட்டுவிட்டார்கள், ஆனால் பெயர் கந்தோர்ப் புத்தகத்தில் இருந்தது. என் வீட்டை இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். என் புத்தகங்களைத் தான் கேட்டு எடுத்துக் கொட்டிலுக்குள் வைத்திருப்பதாக எழுதியிருந்தான். அவனுடைய தாய் மன்னாரில் படுத்த படுக்கை. இரண்டு தரம் பாஸ் கேட்டான். இரண்டு தரமும் மேசையில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டி, உன்ரை மாஸ்டர் வந்திட்டாரோ என்று கேட்டாராம்.

கடைசியில் இப்படி இருந்தது:

"நாலு பக்கமும் வாசிச்சன். மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன், அவா அழுதவா. நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். ஆனா கந்தோரிலை காட்ட அதிலை ஒரு வரியும் இல்லை மாஸ்டர். நான் என்ரை விருப்பத்திலை போனனான், திரும்பி வரமாட்டன், பிணை நிண்டவருக்கு ஒண்டும் தெரியாது எண்டு ஒரு கடிதம் நீங்கள் எழுதினால் என்ரை பேரை வெட்டிவிடுவினமாம். முதல் வருஷமே சொன்னவை. அந்தக் கடிதத்துக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். ஒரு பக்கம் எழுதினால் காணும். முத்திரை இருந்தால் நல்லது."

மூன்று வருடம். ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விடுப்புக் கடிதம் எழுதப் பழக்கிய மனிதன் நான்.

அன்றே எழுதினேன். எட்டு வரி வந்தது. கண்ணைப் பற்றிச் சொன்னது பொய் என்பதையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்தேன். அடுத்த நாள் இங்கரையும் கூட்டிக்கொண்டு நகரசபைக்குப் போனேன். அங்கிருந்த பெண் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, விளங்காத மொழிக்கு முத்திரை குத்த முடியாது, இந்த நாட்டில் ஒருவர் கையெழுத்து வைத்தால் அதுவே போதும் என்றார். எங்கள் பக்கத்தில் முத்திரை இல்லாத கடிதத்தை எவரும் கையில் எடுக்கமாட்டார்கள் என்று சொல்ல முயன்றேன். சொற்கள் வரவில்லை. இங்கர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நீண்ட நேரம் என்னவோ சொன்னார். அந்த அம்மா முப்பது வருடம் தபால் கொண்டு திரிந்தவர். கடிதத்தின் அருமை தெரியும். கடைசியில் அந்தப் பெண், கடிதத்தில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, ஆனால் கையெழுத்து இவருடையது என்று மட்டும் உறுதிப்படுத்தலாம் என்றார்.

எனக்கு வேண்டியதும் அதுதான். கையெழுத்து என்னுடையது. அவர் முன்னால் போட்டேன். ஊரின் சின்னமான மீன் பொறித்த வட்ட முத்திரையைக் குத்தித் தந்தார். பதிவுத் தபாலில் ஒரு பிரதி, செஞ்சிலுவையைச் சேர்ந்த ஒருவர் வழியாக ஒரு பிரதி என்று இரண்டு பாதையில் அனுப்பினேன். கூடவே மரியதாஸுக்கு ஒரு சின்னக் கடிதம்: மன்னிப்புப் பற்றி எதுவும் எழுதவில்லை, ஓடுகிறேன் என்று எழுதினேன், சின்ன அடியாக, கதைத்துக்கொண்டு.

6

ஆவணியில் பதினாறு ஓடினேன். பிறகு பதினேழரை. போன ஞாயிறு பத்தொன்பது. அட்டவணைப்படி அதுதான் கடைசி நெடிய ஓட்டம். மிச்ச இரண்டு கிலோமீட்டரைப் பந்தய நாளில் சனம் இழுத்துக்கொண்டு போகும் என்று இங்கர் சொல்கிறார். இரண்டு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும் எடுத்தது. பதினாலாவது கிலோமீட்டரில் ஒருமுறை நடந்தேன். அதையும் அட்டவணையில் எழுதிவைத்தேன்.

நேற்று மன்னாரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தபால் முத்திரையைத்தான் முதலில் பார்த்தேன். மன்னார் என்றால் பாஸ் கிடைத்திருக்கிறது.

கிடைத்திருந்தது. கந்தோரில் இருந்தவர் முத்திரையிலுள்ள மீனைக் கனநேரம் பார்த்தாராம். இது என்ன, கடற்றொழில் சங்கமோ என்று கேட்டாராம். பிறகு சிவப்புப் பேனையால் பெயரை வெட்டி, பதினாலு நாளைக்குப் பாஸ் கொடுத்தார். அவனுக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். சந்தியில் சைக்கிள் திருத்தும் கந்தையா அண்ணை நின்றார்.

"அவர் என்னை மூண்டு தரம் கேட்டவர் மாஸ்டர், நீ வருவியோ வருவியோ எண்டு. நான் குறை நினைக்கேல்லை. கேக்க வேண்டிய கேள்விதான். நான் உங்களை ஒருக்காலும் கேக்கேல்லை, அது என்ரை பிழை எண்டும் இப்ப விளங்குது."

அவனுடைய பிழை அல்ல. அதை அவனுக்கு எழுதவேண்டும்.

தாய் அவனை அடையாளம் கண்டுகொண்டாவாம். ஒரு பக்கம் ஏலாது, ஆனால் கதைக்கிறா. பத்து நாளாகத் தன் கையாலேயே அவவுக்குக் கஞ்சி பருக்கியிருக்கிறான். இன்னும் இரண்டு கிழமை நில், நான் கண்ணை மூடினபிறகு போ என்று அவா கேட்டாவாம். சகோதரங்களும் நிற்கச் சொல்கிறார்கள்; இவ்வளவு காலம் வராமல் இருந்துவிட்டு வந்தவன், இரண்டு கிழமையில் என்ன குடிமுழுகிப் போகும் என்கிறார்கள்.

"நான் பன்னிரண்டாம் நாள் வெளிக்கிடுறன். பாதையிலை ரெண்டு நாள் சுணங்கினாலும் கணக்குச் சரி வரும். அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். அழுதவா, பிறகு ஓம் எண்டவா. கந்தையா அண்ணை கடையிலை குந்தியிருந்து றோட்டைத்தான் பாத்துக்கொண்டிருப்பார். திரும்பிப் போனால் அடுத்த மாதமும் பாஸ் கேக்கலாம், அவரும் நிப்பார்."

தாளின் ஓரத்தில் இடமில்லாமல், பக்கவாட்டாக, இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தான்:

"அறுபத்தாறு வயசிலை ஓடுறியளாம், ஆர் துரத்தினது? ஓடி முடிஞ்ச பிறகு எத்தினை மணித்தியாலம் எண்டு எழுதுங்கோ. உள்ளதை எழுதுங்கோ மாஸ்டர்."

கடிதத்தின் திகதியைப் பார்த்தேன். எழுதி மூன்று கிழமைக்கு மேலாகிறது. இந்நேரம் அவன் முள்ளியவளைக்குப் போய்ச் சேர்ந்து, கந்தோரில் முகத்தைக் காட்டியிருப்பான். கந்தையா என்ற மனிதரை எனக்குத் தெரியாது. நான் வெளிக்கிட்டபிறகு அந்த ஊருக்கு வந்தவராக இருக்கவேண்டும். ஆனாலும் நேற்றிலிருந்து, சந்தியில் ஒரு சைக்கிள் கடையும், மரியதாஸ் வருவதைக் கண்டு கந்தையா றோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்புவதும் எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.